எதிரெதிரே இரண்டு கரும்பலகைகள்

நான் லிஃப்ட் ஓட்டுகிறவன். "லிஃப்ட்டை யாராவது ஓட்டுவாங்களா, அதுவாத்தானே போகும்" என்று கேட்கிற அதிமேதாவிகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் அதுவாகப் போகாது. இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியை அழுத்திப் பிடித்து, மூன்றாவது மாடியில் தரைக்கு ஒரு சாண் கீழே நின்று தொலைக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த ஆள் நான்தான். இத்தனை வருஷத்தில் என் லிஃப்ட்டில் ஏறியவர்களில் "சாப்பிட்டியா" என்று தினமும் கேட்டவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றி ஊரெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசியாயிற்று. கூடவே இருந்து பார்த்த நான் ஒரு வார்த்தை பேச வேண்டாமா?

கட்டிலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஐந்து மாடியும் சுற்றிக் காலிக் கட்டில்களை எண்ணி, முன்வாசலில் தொங்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவது அவர் வேலை. எண்ணுவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். கண்ணால் எண்ணமாட்டார். ஒவ்வொரு காலிக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியிலும் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். மெத்தை துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், ஆக்சிஜன் குழாயைத் திருகினால் சத்தம் வர வேண்டும், கூப்பிட்டால் வர ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கை வைக்காமல் நகர்ந்துவிடுவார்.

"கட்டிலுக்கு நாலு கால் இல்ல லிஃப்ட்டு, ஆறு கால்" என்பார் என்னிடம். "நாலு இரும்பு. ரெண்டு, நர்சோடது. ஆறும் இருந்தாத்தான் அது கட்டில். இல்லேன்னா வெறும் தட்டுமுட்டுச் சாமான்."

அந்தப் பலகையை அப்போதெல்லாம் ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. குடையை மாட்டிவைக்க ஆணி கிடைத்ததே என்று பலகையின் மேலேயே குடையைத் தொங்கவிட்டுப் போனவர்கள் உண்டு. அக்கா அந்தக் குடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுதுவார்.

எதிர்ச் சாரியில் அவர் தம்பியின் சலூன். தம்பிக்குச் சீப்பு என்று பேர். காதில் சீப்பைச் செருகிக்கொண்டு "சீப்பை எங்க வெச்சேன்" என்று கடை முழுக்கத் தேடுகிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அக்காவுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தார், அப்பா அதற்கு முன்பே. நாலு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவர் அக்காதான். மாடிப்படிகளை வைத்து அவனுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தாராம். "உங்க வீட்டுல எத்தனை பேருடா?" என்று யாராவது கேட்டால், "ஒருத்தர், எங்கக்கா" என்பானாம். "உன்னையும் சேர்த்து எண்ணுடா மக்கு" என்று தலையில் குட்டுவாராம். இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அக்காவின் கணவர் போய்ப் பதினோரு வருஷம். பிள்ளைகள் இல்லை. சீப்புக்குக் கல்யாணம் அமையவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தினமும் மதியம் ஒரு மணிக்கு அக்கா இரண்டடுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு ரோட்டைக் கடந்து போவார். சலூனில் இரண்டு சுழல் நாற்காலிகள். ஆளுக்கொன்றில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டு பேசுவார்கள். நேருக்கு நேர் ஒரு தரமும் திரும்பமாட்டார்கள், எல்லாம் கண்ணாடி வழியாகத்தான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் அந்த நோய் வந்தது. அது எப்படி வந்தது, எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் டிவியில் கத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தெரிந்தது, ஒரே வாரத்தில் தாழ்வாரமெல்லாம் ஆட்கள் படுத்துவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் மாஸ்க் போட்டார்கள், பாதிப் பேர் போடமாட்டேன் என்றார்கள். சீப்பு இரண்டாவது கட்சி. சும்மா இல்லை, அந்தக் கட்சிக்குத் தலைவர் மாதிரி.

"முதல்ல வேண்டாம்னாங்க. அப்புறம் துணி போதும்னாங்க. இப்ப துணி போதாது, ரெண்டு போடுங்கறாங்க. நாளைக்குத் தலையணை உறையை மாட்டிக்கச் சொல்வாங்க, மாட்டிக்கவா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார். கடையில் இருப்பவர்கள் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். "என் பொழப்பே மூக்குக்குக் கீழதான் இருக்கு. அதை மூடிக்கிட்டு வந்தா நான் கத்தியை எங்க வைக்கிறது? அதுவும் இந்தத் துணியில சிகரெட் புகையே வெளிய வருது. கிருமி வராதா?"

"மழையில குடை பிடிச்சாலும் கால் நனையத்தான் செய்யுது" என்பார் அக்கா. "அதுக்காகக் குடையைத் தூக்கியா எறியறே? கொஞ்சமா நனைஞ்சா போதும்னுதானே பிடிக்கிறோம்? வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

"மூடிக்கிட்டு எப்படிக்கா சாப்பிடறது?"

இப்படித்தான் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ஒரு வீடியோ. கடைக்கு வந்த எவனோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். சலூனின் மொட்டைமாடியில் நின்றுகொண்டு எங்கள் மூன்றாவது மாடி ஜன்னல்களைக் காட்டிச் சீப்பு பேசுகிறார்: "நல்லாப் பாருங்க, பதினாலு கட்டில் காலியாக் கிடக்கு, என் கண்ணால எண்ணினேன். வாசல் போர்டுல ரெண்டுன்னு போட்டிருக்கு. எழுதுறது வேற யாரும் இல்ல, என் கூடப் பொறந்தவதான். மேல இருக்கறவங்க சொன்னா இவ என்ன பண்ணுவா, பொய்யைத்தான் எழுதுவா."

பதினாலு கட்டில் என்னவோ உண்மைதான். ஆனால் அந்த வாரம் ஒன்பது நர்சுகள் அதே நோயில் விழுந்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் சாப்பிடக்கூட உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாலு காலோடு நின்ற பன்னிரண்டு கட்டில்களை அக்கா எண்ணவில்லை. இதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவனுக்கு யார் சொல்வது?

அந்த வீடியோவை அக்கா என் லிஃப்ட்டில்தான் பார்த்தார், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில். முழுக்கப் பார்த்தார். செல்லை அணைத்துப் பையில் போட்டார். "முப்பத்திநாலு வருஷத்துல ஒரு நாள் நான் தப்பா எழுதியிருக்கேனா லிஃப்ட்டு?" என்று கேட்டார். இல்லக்கா என்றேன். அன்று மதியம் அவர் ரோட்டைக் கடக்கவில்லை. அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். கேட்டவர்களிடம் தொற்றுக்குப் பயந்து வந்ததாகச் சொன்னார்.

சீப்புவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மறுநாளே கடை வாசலில் அவரும் ஒரு கரும்பலகை மாட்டினார். மேலே "என் கணக்கு" என்று எழுதி, கீழே தான் ஜன்னல் வழியாக எண்ணிய எண்ணைப் போட்டார். அக்கா மூன்று என்று எழுதினால் அங்கே பதினொன்று. அக்கா ஒன்று என்றால் அங்கே ஒன்பது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. டிவிக்காரன் வந்து இரண்டையும் படம் பிடித்தான். ஊர் இரண்டுபட்டது. மாஸ்க் போட்டவன் இந்தப் பலகை, போடாதவன் அந்தப் பலகை. எனக்கு வந்த எரிச்சலுக்கு இரண்டையும் உடைத்து அடுப்பில் போட்டிருப்பேன். ஆனால் போகப் போக வேறொன்று தெரிந்தது.

நாலு மணிக்குக் கீழே எழுதிவிட்டு அக்கா நேரே என் லிஃப்ட்டில் ஏறி மூன்றாவது மாடித் தாழ்வாரத்து ஜன்னலுக்குப் போவார். சரியாக அந்த நேரத்துக்குத்தான் சீப்பு காதில் சீப்பும் கையில் சாக்பீஸுமாக வெளியே வருவார். பழையதை அழித்துப் புதுசை எழுதுவார். அக்கா எண்ணைப் பார்க்கவே மாட்டார், ஆளைத்தான் பார்ப்பார்.

"இளைச்சுட்டான் பாரு."

"முடியைப் பாரு, காட்டுத்தனமா. சலூன் வெச்சிருக்கறவனுக்கு வெட்டிக்க நேரமில்லையாம்."

"அந்தச் சட்டையே ரெண்டு நாளாப் போட்டிருக்கான். துவைக்கறானா என்னன்னு தெரியல."

எழுதி முடித்துவிட்டுச் சீப்பு கண்ணுக்குமேல் கையை வைத்து ஜன்னல்களை நிமிர்ந்து பார்ப்பார். கட்டில் எண்ணுகிறாராம்! எழுதி முடித்த பிறகு என்ன எண்ணுகிறது? ஆனால் இந்தப் பக்கம் ஜன்னலுக்கு ஒரு தலை, எல்லாத் தலையிலும் ஒரே தொப்பி, எல்லா முகத்திலும் ஒரே மாஸ்க். எது தன் அக்கா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் அக்கா பொறுக்கமாட்டாமல் கையைத் தூக்கினார். அதே நேரம் பக்கத்து ஜன்னலில் துப்புரவு செய்யும் பெண்ணும் கண்ணாடியைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். சீப்பு இரண்டு ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஒரு செகண்டு மாஸ்க்கை இறக்கியிருந்தா தெரிஞ்சிருக்குமேக்கா" என்றேன்.

"வார்டு வாசல்ல நின்னுக்கிட்டா? அவனுக்கே நான் போடுடா போடுடான்னு சொல்லிட்டு?" என்றார். கண் மட்டும்தான் தெரிந்தது. அது நனைந்திருந்தது. கீழே இறங்கும்போது, "அவன் முகத்தை நான் தினம் பார்க்கறேன். என் முகத்தை அவன் பார்த்து எண்பது நாளாச்சு" என்றார். டப்பாவில் இரண்டு அடுக்கும் நிறைத்துக்கொண்டு வருவதை மட்டும் விடவில்லை. இரண்டாவது அடுக்கு எனக்கு வந்தது. ருசியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

போய்ப் பேசிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் சொன்னேன். "பொய் எழுதறவன்னு சொன்னது அவன்தானே, அவன் வரட்டும்" என்பார். அந்தப் பக்கம் சீப்புவும் இதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பார். ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம்.

நூறு நாள் தாண்டியிருக்கும். ஒரு மாலை நாலு மணிக்குச் சீப்பு வெளியே வரவில்லை. அவர் பலகையில் முந்தின நாள் எண்ணே இருந்தது. "சோம்பேறி" என்றார் அக்கா. மறுநாள் ஷட்டரே திறக்கவில்லை. எண் அப்படியே இருந்தது, எட்டு. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிடிவாதத்தையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு செல்லில் கூப்பிட்டார். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. ராத்திரி முழுக்கக் கூப்பிட்டாராம்.

மூன்றாவது நாள் காலை பத்து மணிச் சுற்றில் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே ஒரு கட்டில்தான் காலி. மூன்றாவது மாடி, ஜன்னலோரம், பன்னிரண்டாம் நம்பர். மெத்தை காய்ந்திருந்தது, குழாயில் சத்தம் வந்தது, நர்ஸ் இருந்தாள். அக்கா கால்மாட்டுக் கம்பியில் கையை வைத்தார். கீழே போய்ச் சைபர் என்று எழுதினார்.

நான் அதைக் கவனிக்கவில்லை. அவராகத்தான் லிஃப்ட்டில் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். "பன்னெண்டு காலியா இருக்கு. நான் எழுதல. வேற யாருக்கும் தெரியாது. வாசல்காரர்கிட்டகூடச் சொல்லல, சொன்னா பரவிடும். நீ சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டிட்டு வந்துடு லிஃப்ட்டு. உன் கால்ல வேணா விழறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கையால் ஒரு எண்ணை மாற்றமாட்டாதவர்! லிஃப்ட்டுக்கு மாற்று ஆள் கிடைக்கவே மணி இரண்டாகிவிட்டது, பின்வாசல் வழியாகக் கிளம்பினேன். வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அப்போது பின்வாசல்தான். நான் போய்ச் சேர மணி இரண்டரை. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாகவே, "மூணு நாளா ஒரே இருமல். இப்பத்தான் டாக்சி பிடிச்சு உங்க ஆஸ்பத்திரிக்குன்னு போனாரு" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மிதித்தேன் பாருங்கள் ஒரு மிதி! வந்ததும் அதே பின்வாசலில் நுழைந்து, மூச்சிரைக்க மூன்றாவது மாடிக்குப் போய், "வந்துட்டு இருக்காருக்கா! இந்நேரம் கீழே வரிசையில நிப்பாரு" என்றேன். முன்வாசல் வழியாக வந்திருக்கலாம். முன்வாசல் வழியாக வந்திருக்கலாமே என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அக்கா பன்னிரண்டாம் நம்பர் பக்கத்திலேயே நின்றார். நகர்ந்தால் யாரையாவது கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார்களே. தலையணையைத் திருப்பிப் போட்டார், மறுபடியும் திருப்பிப் போட்டார். கீழேயிருந்து இரண்டு தடவை கட்டில் இருக்கிறதா என்று போன் வந்தது. இரண்டு தடவையும் இல்லை என்றார். (அந்த இரண்டு பேரும் வேறு இடத்தில் சேர்ந்து பிழைத்துக்கொண்டார்கள் என்று பின்னால் தேடிப் போய் விசாரித்துவிட்டு வந்தார். ஆனாலும் அந்த இரண்டு போனையும் அவர் மறக்கவில்லை.) "வரட்டும், மொதல்ல நாலு அறை விடறேன்" என்றார். "அப்புறம் முடியை வெட்டச் சொல்லணும்" என்றார். "உன்னையும் சேர்த்து எண்ணுடான்னு சொல்வேன்ல, பாரு, நானே எண்ணி வெச்சிருக்கேன்" என்றார். மூன்றே கால் ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. நான் கீழே போய்ப் பார்க்கவா என்றால், லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் மேல் ஸ்ட்ரெச்சராக வந்துகொண்டிருந்தது.

நாலு மணி ஆனதும் பழக்கதோஷத்தில் அக்கா ஜன்னலுக்குப் போனார். ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டு நானும் எட்டிப் பார்த்தேன்.

எதிர்ச் சலூனில் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. "என் கணக்கு" என்பதன் கீழே இருந்த எட்டு அழிந்திருந்தது. அந்த இடத்தில் புதிதாக ஒரு சைபர்.

அக்கா ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு "லிஃப்ட்டு" என்று கத்தினாரே ஒரு கத்தல், அந்த மாடியில் படுத்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். இறக்கினேன். கதவை முழுக்கத் திறக்குமுன்பே ஓடினார்.

வாசல்காரர் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "ஆமாம்மா, உங்க தம்பி வந்தாரு, மூணு மணி இருக்கும். எனக்கே அடையாளம் தெரியல, மாஸ்க் போட்டிருந்தாரு, ஒண்ணு இல்ல, ரெண்டு. போர்டைப் பார்த்துக்கிட்டே நின்னாரு. அக்காவைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. 'அவ எழுதினா சரியாத்தான் இருக்கும். என்னைப் பார்த்தா யாரையாவது எழுப்பிவிட்டுட்டு எனக்குக் குடுப்பா. அந்தப் பாவம் அவளுக்கு எதுக்கு'ன்னாரு. மெதுவா ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போனாரு, ஏதோ எழுதினாரு. அப்புறம் அதே டாக்சியில பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு."

பக்கத்து ஊர் என்றால் ஒன்றரை மணி நேரம். அங்கே போய்ச் சேரும்போது நினைவு தப்பிவிட்டதாம். பன்னிரண்டாம் நம்பரில் அன்று மாலையே ஒரு பஸ் கண்டக்டரைப் படுக்க வைத்தார்கள், அவர் பத்து நாளில் எழுந்து வீட்டுக்குப் போனார். சீப்பு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு நல்ல நர்ஸ், "பேச முடியாது, ஆனா கேக்கலாம்" என்று சொல்லி அவர் காதில் போனை வைத்தாள். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார், நான் பக்கத்தில் நின்றேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "டேய்" என்றார். அப்புறம் "சாப்பிட்டியாடா" என்றார். மறுபடியும், "சாப்பிட்டியாடா". அதற்குமேல் அவருக்கு வரவில்லை. மறுநாள் காலையில் செய்தி வந்தது.

அக்கா பெரிய டாக்டரிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லித் தண்டனை கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முப்பத்திநாலு வருஷத்துல ஒண்ணு. போய் வேலையைப் பாருங்கம்மா" என்றார். அக்கா போய் வேலையைப் பார்த்தார். ஓய்வு பெறும் நாள் வரை பத்து மணிக்கும் நாலு மணிக்கும் எழுதினார். ஒருமுறைகூட மூன்றாவது மாடி ஜன்னலுக்குப் போகவில்லை.

இந்த வாய்ச்சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. ஆஸ்பத்திரி நிஜமாகவே நிரம்பியிருந்ததா, மாஸ்க் போட்டதால் ஏதாவது ஆயிற்றா என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து மேஜையைத் தட்டுகிறார்கள். தட்டும்போதெல்லாம் அன்றைக்கு எவனோ எடுத்த போட்டோவைக் காட்டுகிறார்கள், எதிரெதிரே இரண்டு பலகை, இரண்டிலும் சைபர். "எதிர்த்தவரே ஒத்துக்கொண்டார்" என்கிறான் ஒருத்தன். "மிரட்டி எழுத வைத்தார்கள்" என்கிறான் இன்னொருத்தன். ரிமோட்டைத் தூக்கி டிவி மேலேயே எறியலாம் போலிருக்கிறது எனக்கு.

சலூன் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எதிரே பஸ் ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு. நாலு மணிக்கு அக்கா வந்து அதில் உட்காருவார். வேலை முடிந்து நானும் போய் உட்காருவேன். "சாப்பிட்டியா லிஃப்ட்டு" என்பார். அப்புறம் அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் ஒரு நாள், நான் கேட்காமலே பேசினார்.

"நூறு நாள் என்கூடச் சண்டை போட்டான் லிஃப்ட்டு. நான் எழுதின ஒரு நம்பரையாவது நம்பினானா? அன்னைக்கு ஒரு நாள், அந்த ஒரே ஒரு நாள், 'பொய் எழுதறா'ன்னு கத்திக்கிட்டு உள்ள வந்திருக்கக் கூடாதா?"

பஸ் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஏறவில்லை.